முதுசொம்

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் சித்தப்பா வாயைத் திறந்தார். "தம்பி, கொடைக்கானல் பஸ் எவடத்திலை நிக்கும்?" காக்கிச் சட்டைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் கேரளாவா?" என்றார்.

சித்தப்பா 35 வருடம் தமிழும் சரித்திரமும் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வட்டுக்கோட்டையில் பேசுவது மட்டும்தான் தமிழ், மற்றதெல்லாம் அதன் திரிபு என்று நம்புகிறவர். தமிழ்ச் சங்கம் இருந்த ஊரில், அதுவும் பஸ் நிலையத்தில், அவரை மலையாளி ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவர் பட்ட அவமானங்களில் அதுதான் சின்னது.

நாங்கள் ஏன் போனோம் என்று சொல்லவேண்டும். ஆளுக்கொரு முதுகுப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலே மலையேறவேண்டும் என்பது என்னுடைய ஆசை. குளிர், ஏரி, சூடான பஜ்ஜி, அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு அது வழக்கு. கொடைக்கானல் யாழ்ப்பாணத்துக்குச் சொந்தமான காணி என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. யாழ்ப்பாணத்தான் எந்த மண்ணைப் பார்த்தாலும் முதலில் எல்லை கேட்பான், பிறகு உறுதி கேட்பான், அதற்குப் பிறகுதான் வடிவாக இருக்கிறதா என்று பார்ப்பான். 1707இல் ஒல்லாந்தர் எங்கள் வழக்கங்களைத் தேசவழமை என்று எழுதிவைத்த நாளிலிருந்து, அல்ல, அதற்கும் முன்னாலிருந்தே இது எங்கள் இரத்தத்தில் ஓடுகிறது. அந்தச் சட்டத்திலே முதுசொம் என்று ஒன்று உண்டு. தகப்பன் வழி, பாட்டன் வழி வந்த சொத்து.

"யாழ்ப்பாணம் தகப்பன். மதுரை மகன். கொடைக்கானல் பேரன்" என்று காங்கேசன்துறையில் கப்பல் ஏறும்போதே சித்தப்பா தொடங்கிவிட்டார். "பேரன் வீட்டுக்குப் போறவனுக்கு விசா என்னத்துக்கு எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

விசா இருந்தது. நான்தான் இணையத்தில் விண்ணப்பித்து எடுத்துவைத்திருந்தேன். நாகப்பட்டினம் வரை நாலு மணித்தியாலக் கடல். அதில் முதல் ஒரு மணித்தியாலம் அவர் சரித்திரம் சொன்னார். மிச்சம் மூன்றும் கடல் அவருக்குச் சொன்னது. சத்தி எடுத்துக் களைத்துக் கரைக்கு வந்து, தஞ்சாவூர், திருச்சி என்று பஸ் மாறி மாறி மதுரை வந்து சேர்ந்து, இரவு ஒரு கோயில் சத்திரத்துத் திண்ணையோடு கழிந்தது. அது ஏன் திண்ணை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி வழக்கு. சித்தப்பா சொன்னதில் கோபத்தைக் கழித்து, ஆண்டுகளைச் சரிபார்த்து, நான் சொல்கிறேன்.

1812ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பக்கத்தில் சில நல்ல பிள்ளைகளுக்கு உலகத்தைத் திருத்தும் காய்ச்சல் பிடித்தது. தங்கள் ஊரைத் திருத்தத் தொடங்கியிருந்தால் இரண்டு தலைமுறை போயிருக்கும். அவர்கள் இந்தியாவைத் திருத்தப் புறப்பட்டார்கள். கல்கத்தாவில் இறங்கினால், கிழக்கிந்தியக் கம்பனிக்காரன் "இடமில்லை" என்றான். அந்த நேரம் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சண்டை வேறு. அதைவிட, கம்பனிக்கு வேதம் வியாபாரத்துக்கு இடைஞ்சல். மிளகு விற்கிறவனுக்கு மோட்சம் எதற்கு? வந்தவர்களைத் திரும்பவும் கப்பல் ஏறச் சொன்னார்கள். ஜட்சன் என்பவர் பர்மாவுக்குப் போனார். சாமுவேல் நியூவெல் மொரீசியசுக்குப் போய், அங்கே இளம் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, 1813இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். இலங்கை கம்பனியின் கையில் இல்லை, முடியின் கையில் இருந்தது. ஆளுநர் பிரவுண்றிக் நல்ல முகம் காட்டினார். நியூவெல் தன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்: இங்கே இருக்கலாம், அக்கரையிலே பேசுகிற மொழியைத்தான் யாழ்ப்பாணத்திலும் பேசுகிறார்கள்.

ஆகவே பனையின் வடிவுக்கும் நல்லூரின் புகழுக்கும் மயங்கி ஒருவரும் எங்களிடம் வரவில்லை. முன்வீட்டுக் கதவு சாத்தியிருந்தபடியால் பக்கத்து வீட்டுப் படலையைத் தள்ளினார்கள். இந்த இடத்தைச் சித்தப்பா வேகமாகத் தாண்டிவிடுவார். நான் கொஞ்சம் நின்றுபார்க்கிறேன்.

1816 மார்ச்சில் டிரையட் என்ற கப்பல் சங்கம் அனுப்பிய பாதிரிமாரைக் கொழும்பில் இறக்கியது. வட்டுக்கோட்டையும் தெல்லிப்பழையும் கிடைத்தன. கிடைத்தது என்றால், போர்த்துக்கேயர் காலத்துப் பழைய கோயில்களின் சுவர்கள், கூரை கிடையாது. தெல்லிப்பழையில் டானியல் பூர் குந்தினார். அவரோடு வந்த டொக்டர் வாரனுக்கு நெஞ்சுவருத்தம். இந்தப் பகுதியில் உயரமான இடம் என்று பார்த்தால் கீரிமலை; அதன் உயரம் ஊருக்குத் தெரிந்ததுதான், பேரில் மட்டும் மலை. காற்று மாற்றத்துக்காக மனுசனைத் தென்னாபிரிக்காவின் கேப் டவுனுக்குக் கப்பலேற்றினார்கள். 1818இல் அங்கேயே செத்துப்போனார். மலையில்லாத ஊரில் வருத்தம் வந்தால் இன்னொரு கண்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள்.

இனி வில்லன் வருகிறார். எட்வேட் பார்ன்ஸ். 1820இல் பதில் ஆளுநர். அமெரிக்கர்கள் அச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதை ஓட்டுவதற்கு ஜேம்ஸ் காரெட் என்ற பொடியனையும் வரவழைத்திருந்தார்கள். பார்ன்ஸ் சொன்னார்: இடமில்லை. இருக்கிறவன் இரு, புதிதாக ஒருத்தனும் வரக்கூடாது. காரெட் மூட்டையைக் கட்டினார். இயந்திரம் இருக்க இயக்குகிறவன் இல்லாமல் போனது. அந்தத் தடை 13 வருடம் கிடந்தது.

"அவன் பார்ன்ஸ் பிறகு என்ன செய்தவன் தெரியுமோ?" வத்தலக்குண்டு தாண்டும்போது சித்தப்பா என் தொடையில் தட்டிக் கேட்டார். தெரியும். ஏழு தரம் கேட்டிருக்கிறேன். 1828இல் நுவரெலியாவிலே தனக்கு ஒரு மாளிகை கட்டினான். இன்றைக்கு அது கிராண்ட் ஹோட்டல். "தனக்குக் குளிர்மலை. எங்கடை ஆக்களுக்கு அச்சடிக்கக்கூட ஒரு ஆள் இல்லை!" அமெரிக்கப் பாதிரிமார் எப்போது "எங்கடை ஆக்கள்" ஆனார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. கேள்வியும் வயிற்றோடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டது.

கொடைக்கானல் ரோட் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கேயிருந்து கொடைக்கானல் 80 கிலோமீற்றர். பேர் வைத்தவன் நிச்சயமாக எங்கள் ஊர்க் காணித் தரகன். "ரவுணுக்குக் கிட்ட" என்று அவன் சொல்வதும் இந்தத் தூரம்தான். 1875இல் அந்த ரயில் வந்தபிறகும், அங்கே இறங்கி மாட்டுவண்டியில் மலையடிவாரம் வந்து, பிறகு நடை, மட்டக்குதிரை, அல்லது டோலி. மேஜர் லாவின் பேரைத் தாங்கிய மலைச்சாலை பல காலம் இழுபட்டு 1914இல்தான் ஒப்பேறியது. அதே 1914இல்தான் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கி, எங்களவர்கள் ரயில், கப்பல், ரயில் என்று மதுரைக்குப் போனார்கள். எங்கள் பஸ் அந்த லாவின் சாலையிலே மூச்சுவாங்கி ஏறிக்கொண்டிருந்தது. முன் சீற்றிலே ஒரு ஐயா எலுமிச்சம்பழத்தை மூக்கிலே பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை பொலித்தீன் பையை விரித்துப்பிடித்துக்கொண்டு, எந்த வளைவில் என்று யோசித்தபடி இருந்தது.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட சித்தப்பாவுக்கு மூத்திரம் முட்டியது. எழும்பி நின்று எங்கள் ஊர் வழக்கப்படி, "இறக்கம்!" என்று கத்தினார். கண்டக்டர் வெளியே எட்டிப்பார்த்துவிட்டு, "ஏத்தம்தான் சார், இறக்கம் வர்றப்பதான்" என்று ஆறுதல் சொன்னார். நான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. தமிழிலிருந்து தமிழுக்கு.

விட்ட இடத்துக்கு வருகிறேன். பார்ன்ஸின் தடைக்குள்ளே அமெரிக்கர்கள் சும்மா இருக்கவில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். செலவுக்குக் காசு? அமெரிக்காவிலே உள்ள புண்ணியவான்கள் பிள்ளைக்கு இவ்வளவு என்று அனுப்புவார்கள். பதிலுக்குப் பிள்ளைக்கு அவர்கள் சொல்கிற பேரை வைப்பது. இன்றைக்குக் கிரிக்கெற் மைதானத்துக்கு விளம்பரக்காரன் பேர் வைக்கிறான். அன்றைக்குப் பொடியனுக்கே வைத்தார்கள். இப்படித்தான் கறல் விசுவநாதபிள்ளை வந்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை வந்தார். பழந்தமிழ் ஏடுகளைக் கரையானிடமிருந்து பறித்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளைக்குக்கூடக் கிங்ஸ்பரி என்று ஒரு பேர் இருந்தது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த கிங்ஸ்பரி! அவரும் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். "மதராசிலை முதல் பட்டம் எடுத்ததும் எங்கடை ஆக்கள்" என்று சித்தப்பா சொன்னபோது முன்சீற்று ஐயா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்து அவரை ஒருமுறை பார்த்தார். திரும்பவும் வைத்துக்கொண்டார்.

1833இல் இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. புதிய பட்டயச் சட்டம் இந்தியாவில் கம்பனியின் பூட்டைக் கழற்றியது. இலங்கையிலும் தடை நீங்கியது. உடுவிலில் இருந்த லெவி ஸ்போல்டிங் 1834இல் அக்கரைக்குப் போய் ஊர் பார்த்து, மதுரை நல்லது என்றார். அதே வருடம் டொட், ஹொய்சிங்டன் என்ற இருவர் போய் மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். அவர்களோடு யாழ்ப்பாணத்துப் பொடியன்களும் உதவிக்குப் போனார்கள், அமெரிக்கப் பேர்களோடு. மீனாட்சியம்மனின் ஊரில் போய்த் தமிழர்களுக்குத் தமிழிலே புத்தி சொல்வதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் போனது. அன்றைக்கும் யாரோ ஒருவர் "கேரளாவா?" என்று கேட்டிருப்பார். 1836இல் டானியல் பூரே மதுரைக்குப் போய் 1841 வரை இருந்தார். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடரும் 1836இல் சென்னைக்குப் போனார். அவரை ஞாபகம் வைத்திருங்கள், மலையில் வருவார்.

மதுரை கதவைச் சாத்தவில்லை. வாந்திபேதிதான் சாத்தியது. வந்து பத்து வருடத்துக்குள் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும்கூட. இதிலே பகிடிக்கு இடமில்லை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சிறுமலையில் தங்குமிடம் போட்டுப் பார்த்தார்கள். அங்கே காய்ச்சல் இவர்களுக்கு முன்னமே குடியேறியிருந்தது. இன்னும் மேலே போங்கள் என்றது. போனார்கள். 1845இல் பழனி மலையின் மேலே, கிட்டத்தட்ட 7000 அடியில், இரண்டு பங்களா எழும்பியது. ஒன்று சன்னி சைட், மற்றது ஷெல்டன். கொடைக்கானல் என்ற கோடைநகரின் பிறப்பத்தாட்சி இதுதான். இந்தியாவில் உள்ள மற்றக் குளிர்மலை ஊர்களையெல்லாம் ஆங்கிலேயன் தனக்காகக் கட்டினான். இது ஒன்றுதான் அமெரிக்கன் கட்டியது என்பார்கள். கல்கத்தா துரத்தி, இலங்கை இறுக்கி, மதுரை கொன்று, சிறுமலை காய்ச்சி, கடைசியில் துரத்துவதற்கு மேலே இடமில்லாமல் போன இடத்தில் ஊர் உண்டாயிற்று.

"கண்டுபிடித்தது" என்று பலகைகளில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1821இல் லெப்டினன்ற் வார்டு என்பவர் மலையை அளந்தார். 1834இல் மதுரைத் துணைக் கலெக்டர் ரோட்டன் செண்பகனூரில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். இவர்கள் எல்லாரும் கண்டுபிடித்துக் களைத்து உட்கார்ந்தபோது, பூம்பாறையிலும் மன்னவனூரிலும் வில்பட்டியிலும் சனம் படிக்கட்டுப் போலே வயல் வெட்டி விவசாயம் செய்துகொண்டிருந்தது. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருந்தது. காட்டிலே பளியர்கள் தேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்களை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி அவர்களுக்கு எப்போது எட்டியதோ.

பிறகு ஊர் களைகட்டியது. அமெரிக்கன் போனால் பிரெஞ்சுக்காரன் விடுவானா? சேசுசபைப் பாதிரியார் செயின்ற் சிர் வந்து காணி வாங்கினார். மேஜர் பார்ட்ரிட்ஜ் அவுஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸை நட்டார். இன்றைக்குக் கடை கடையாகத் தைலப் போத்தல் தொங்குவதற்கு அவர்தான் பொறுப்பு. எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர் கலெக்டர் லெவிஞ்ச். 1863இல் ஒரு சதுப்பை மறித்து 60 ஏக்கரில் நட்சத்திர வடிவில் ஏரி ஆக்கினார். ஏரி ஆயிற்று, ஓட வள்ளம் வேண்டுமே. தூத்துக்குடியிலிருந்து வள்ளம் கொண்டுவரச் சொன்னார். பஸ் ஓடும் பாதை அப்போது இல்லை. கடலில் கிடந்த வள்ளம் 7000 அடி மலையேறி வந்திருக்கிறது. தானாக நடந்து வந்திருக்காது.

மத்தியானம் ஒரு மணிக்குக் கொடைக்கானலில் இறங்கினோம். குளிர் முழங்காலைப் பிடித்தது. சித்தப்பா ஒரு குரங்குக்குல்லா வாங்கி மாட்டிக்கொண்டார். மே 2024 முதல், உயர் நீதிமன்றம் சொன்னபடி, கார் வான் கொண்டு மலையேற இ-பாஸ் வேண்டும். அரசாங்க பஸ்ஸில் வருகிறவனுக்கு வேண்டாம். "பாத்தியோ, எங்களுக்குத் தடையில்லை" என்று அவர் கையை விரித்தார். அந்தக் கை மடங்குவதற்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

முதல் லொட்ஜில் அறை காலியாக இருந்தது. திறப்பும் மேசைக்கு வந்துவிட்டது. நான் கடவுச்சீட்டை எடுத்து வைத்தேன். பொடியன் அதைக் கையில் தொடாமல் பார்த்தான். "ஸ்ரீலங்காவா? ஃபாரினரா?"

"ஃபாரினர் இல்லைத் தம்பி, தமிழர்" என்றார் சித்தப்பா.

"அதில்ல சார். ஃபாரினர் தங்குனா சி ஃபாரம் போடணும். ஆன்லைன்ல ஏத்தணும். நாங்க போடறதில்ல. ரூம் இல்ல சார்."

அறை இருந்தது, எங்களுக்கு இல்லை. மதுரையிலே முதல்நாள் இரவு இதே பாட்டுத்தான் மூன்று இடத்தில். திண்ணையின் காரணம் இப்போது விளங்கியிருக்கும். வெளிநாட்டுக்காரரை வைத்திருந்தால் 24 மணித்தியாலத்துக்குள் அந்தப் படிவத்தை அனுப்பவேண்டும் என்பது சட்டம். பெரிய ஹோட்டல்காரன் செய்வான். சின்ன லொட்ஜ்காரனுக்கு அது தலையிடி, அதிலும் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டால் பொலிஸ் ஸ்டேஷன் ஞாபகமும் சேர்ந்து வரும். இரண்டாவது லொட்ஜிலும் இடமில்லை. மூன்றாவதில் பலகையிலேயே "அறைகள் உண்டு" என்று எழுதியிருந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொண்டே பொடியன் அதைத் திருப்பித் தொங்கவிட்டான்.

சித்தப்பா ஏரிக்கரையில் குந்திக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் நியூவெல்லை யோசித்தேன். கல்கத்தாத் துறைமுகத்திலே மூட்டையோடு நின்ற அந்த மனுசனுக்கு நெருக்கமாக நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

"வா, கோயிலுக்குப் போவம்" என்று கொஞ்ச நேரத்தில் எழும்பினார். "அங்கை ஆர் இடமில்லை எண்டு சொல்லுறது எண்டு பாப்பம்."

வழியிலே ஸ்கடர் வந்தார். பண்டத்தரிப்பு ஸ்கடரின் மகன் யாழ்ப்பாண மண்ணில் பிறந்தவர். அவருடைய மகள்தான் வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டிய ஐடா ஸ்கடர். வேலூர் வெயிலில் ஒரு வாழ்க்கை முழுக்க வேலை செய்த அந்த அம்மா, 1960இல் 89 வயதில் கண்ணை மூடியது இந்தக் கொடைக்கானலில். "மூண்டு தலைமுறை" என்று விரலை மடக்கினார் சித்தப்பா. வழக்குக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது, நடையும் கொஞ்சம் நிமிர்ந்தது.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் அவருடைய கடைசித் துருப்பு. அதற்கு அந்தப் பக்கத்துக் கதை தெரியவேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதனை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியும், திருநெல்வேலியில் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியும் கட்டியவர். அந்தப் பரமேஸ்வரா வளவுதான் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அமெரிக்கன் விவிலியத்தைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான் அல்லவா? இவர் அதே விவிலியத்தின் மத்தேயுவுக்கும் யோவானுக்கும் சைவ சித்தாந்தக் கண்ணாலே உரை எழுதி, 1905-06இல் அமெரிக்காவுக்கே போய் மேடை மேடையாகப் பேசிவிட்டு வந்தார். பலசரக்குக் கடைக்காரனுக்கே சீனி விற்ற மனுசன். அவரை மணந்தவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த ஹரிசன் என்ற பெண். சைவமாகி லீலாவதி ஆனார். 1930இல் கணவர் காலமானபின், 1936இல் இந்த மலையிலே முருகனுக்குக் கோயில் எழுப்பினவர் அவர்தான். அமெரிக்கன் குளிருக்காகத் தேடிய மலையில், அவுஸ்திரேலியாக்காரி ஒருத்தி யாழ்ப்பாணத்து மருமகளாய் வந்து பழனியைப் பார்த்தபடி முருகனை இருத்தினாள். ஆறுமுக நாவலர் இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, கண்டனப் பிரசுரம் அடித்திருப்பாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் செய்திருக்கக்கூடியவர்.

அர்ச்சனைச் சீட்டு விற்கிறவரிடம் சித்தப்பா போய், "இது எங்கடை ஆக்கள் கட்டின கோயில்" என்றார்.

"சரிங்க. அர்ச்சனையா, தரிசனமா?"

"லேடி இராமநாதன் எண்டு..."

"பின்னால கூட்டம் நிக்குது சார். சில்லறையா குடுங்க."

முருகன் மட்டும் இடமில்லை என்று சொல்லவில்லை. மேகம் விலகி, தூரத்தில் பழனி மலை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்துவிட்டது. அடுத்தது 2030. அதற்கும் நாங்கள் பிந்திவிட்டோம், அல்லது முந்திவிட்டோம்.

இருட்டத் தொடங்கியது. இறங்கி வரும் வழியில் ஒரு பெட்டிக்கடை. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பிளேன்ரீ" என்றேன் பழக்கதோசத்தில். கரண்டி நின்றது.

"என்ன கேட்டீங்க?"

"பிளேன்... பால் போடாத தேத்தண்ணி."

"தெரியுதுங்க, தெரியுது" என்று அவர் சிரித்தார். "எத்தன வருசமாச்சு அந்தச் சொல்லக் கேட்டு! எங்க, யாழ்ப்பாணமா? நாங்க தலவாக்கல. ஏழு வயசுல கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க."

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்; மலையகத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு. காணி பிரிக்கும்போதுகூட நாங்கள் பங்காளியைக் கூப்பிட்டுக் கேட்போம். இவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து தலைமன்னாருக்கு, அங்கேயிருந்து இராமேஸ்வரத்துக்கு. 1984இல் அந்தக் கப்பல் நிற்கும்வரை போய்க்கொண்டே இருந்தார்கள். பலர் நீலகிரிக்கு, கொஞ்சம் பேர் இந்த மலைக்கும். இலங்கையில் "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்".

சித்தப்பாவுக்கு ஆள் கிடைத்த சந்தோசம். தேத்தண்ணியை ஊதி ஊதி, அமெரிக்கன், வட்டுக்கோட்டை, மதுரை, 1845, சன்னி சைட், முதுசொம் என்று முழு வழக்கையும் தாக்கல் செய்தார். அம்மா பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்துல ரோடு இல்லியே. அந்த வெள்ளைக்காரங்க எப்புடி மேல வந்தாங்க?"

"டோலியிலை. ஆக்கள் தூக்கிக்கொண்டு வந்தவை."

"யாரு தூக்குனது?"

சித்தப்பா யோசித்தார். பங்களா இரண்டின் பேரும் மனப்பாடமாய்ச் சொல்லும் மனுசன். "பேர் எழுதி வைக்கேல்லை" என்றார்.

"எழுத மாட்டாங்க" என்று அம்மா அடுப்பைக் குறைத்தார். "சரி, எங்கள அனுப்புறப்ப யாழ்ப்பாணத்துல என்ன பேசிக்கிட்டாங்க?"

இது எங்கள் ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. சித்தப்பா குரங்குக்குல்லாவை ஒருமுறை கழற்றி மாட்டினார். "நான் அப்ப சின்னப் பொடியன் பிள்ளை."

"நானுந்தான் சின்னப் புள்ள" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பஜ்ஜியைத் தட்டில் போட்டார். சித்தப்பா அவற்றைச் சாப்பிட்டு முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. அவ்வளவு நேரம் அவர் பேசாமலிருந்து நான் பார்த்தது கப்பலில் மட்டும்தான்.

காசைக் கொடுக்கும்போது, அறை கிடைக்காத கதையை நான் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "ரெண்டு பேரு, நம்ம ஊரு. ஃபாரம் போடத் தெரியும்ல ஒனக்கு? போட்டுக் குடு" என்று அதட்டினார். கீழ்த்தெருவில் ஒரு லொட்ஜ். அவருடைய தங்கை மகன் அங்கே வேலை. "நம்ம ஊரு" என்று அவர் சொன்னது தலவாக்கலையையா, யாழ்ப்பாணத்தையா, முழு இலங்கையையுமா என்று சித்தப்பா வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

லொட்ஜ் பொடியன் கணினியைத் திறந்து, கடவுச்சீட்டைப் படம்பிடித்து, தாளிலும் ஒன்றை எழுதச் சொல்லி நீட்டினான். பேர், பிறந்த திகதி, விசா இலக்கம், வந்த துறைமுகம், அடுத்துப் போகும் இடம். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் போல ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் பேனையை வைத்து நெடுநேரம் இருந்தார். பிறகு தமிழிலே, முத்துமுத்தாக, "முதுசொக் காணி பார்க்க" என்று எழுதினார்.

பொடியன் அதை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தான். ஒரு கோடு இழுத்து வெட்டினான். மேலே "டூரிஸ்ட்" என்று எழுதினான்.

"கம்பளிக்குத் தனியா அம்பது ரூபா சார்" என்றான்.